ஸ்டார் ட்ரெக்கை எழுதிய கைகள்

1967 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் எபிசோடு ஒன்றுக்கு இரண்டு பெரிய விருதுகள் கிடைத்தன. 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' என்பது அதன் தலைப்பு. எழுத்து ஹார்லன் எல்லிசன் என்று திரையில் பெயர் வந்தது. அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் விருது, எல்லிசன் முதலில் எழுதிக் கொடுத்த மூலத் திரைக்கதைக்குக் கிடைத்தது. அறிவியல் புனைவு வாசகர்கள் வாக்களித்து வழங்கும் ஹ்யூகோ விருது, ஒளிபரப்பான எபிசோடுக்குக் கிடைத்தது. இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரம் இருந்தது. ஸ்டீவன் கராபாட்ஸோஸ், ஜீன் கூன், டி.சி. ஃபோன்டானா, ஜீன் ரோடன்பெரி என நான்கு பேர் அதைத் திருத்தியிருந்தார்கள்.

கதை இதுதான். கடந்த காலத்துக்குள் தவறிப்போன ஒரு மருத்துவரால் வரலாறு மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்ய 1930ஆம் ஆண்டின் நியூயார்க்குக்குச் செல்லும் கேப்டன் கிர்க், அங்கே ஈடித் கீலர் என்ற பெண்ணை நேசிக்கிறார். அவள் விபத்தில் இறந்தால்தான் வரலாறு மீளும். எல்லிசனின் மூலத்தில் அந்தக் கணத்தில் கிர்க்கால் அந்த முடிவை எடுக்க முடியவில்லை. ஒளிபரப்பான வடிவத்திலோ, அவளைக் காப்பாற்ற ஓடும் மருத்துவரைக் கிர்க்கே பிடித்து நிறுத்துகிறார். முன்னது காதலில் உடைந்துபோகும் மனிதனின் கதை; பின்னது கடமையின் விலையை அறிந்தே கொடுக்கும் தலைவனின் கதை. எல்லிசன் இந்த மாற்றத்தைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. தன் மூலத்தைப் பின்னாளில் தனி நூலாகவே வெளியிட்டார்.

அறுபது ஆண்டுகளாகத் தொடரும் ஸ்டார் ட்ரெக்கின் வரலாறு முழுவதும் இந்த ஒரு எபிசோடின் வரலாற்றைப் போன்றதே. ஒவ்வொரு தொடரிலும் மூலப் படைப்பாளியாக ரோடன்பெரியின் பெயர் வருகிறது. அவருடைய கனவு இல்லாமல் இது பிறந்திருக்காது. ஆனால் பிறந்ததை வளர்த்தவர்கள், பலமுறை சாவிலிருந்து மீட்டவர்கள், அவருடைய விதிகளோடு மல்லுக்கட்டி அவற்றிலிருந்தே கதைகளைப் பிழிந்தெடுத்தவர்கள் வேறு பலர். திருத்தி எழுதுவதை ஒரு கலையாகப் பயின்ற தொகுப்பாளர்களும், வாசலில் வந்து நின்ற அறிமுகமற்றவர்களின் கதைகளைப் பிரித்துப் படித்த தயாரிப்பாளர்களும்தான் இந்தத் தொடர்க் குடும்பத்தின் நீண்ட ஆயுளுக்குக் காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விமானியும் காவலருமாக இருந்த எழுத்தாளர்

ஜீன் ரோடன்பெரி 1921இல் டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோவில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டினார். போருக்குப் பின் பான் ஆம் நிறுவனத்தில் விமானியானார். 1947இல் சிரியப் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கிய பயணிகள் விமானத்திலிருந்து உயிர் தப்பினார். 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் காவல் துறையில் சேர்ந்து, அதன் தலைவர் வில்லியம் பார்க்கருக்கு உரைகள் எழுதிக் கொடுத்தார். வேலையில் இருந்தபடியே தொலைக்காட்சிக்குக் கதைகள் விற்கத் தொடங்கி, 1956இல் பதவி விலகி முழுநேர எழுத்தாளரானார்.

அவர் சொந்தமாகத் தயாரித்த முதல் தொடர் 'தி லெஃப்டினன்ட்'. அமெரிக்க மரைன் படை வீரர்களைப் பற்றிய அத்தொடரில் படைக்குள் நிலவும் நிறவெறியைப் பற்றி ஓர் எபிசோடு எடுக்கப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. தொடரும் ஒரு சீசனோடு நின்றது. நிகழ்காலத்தைப் பற்றி நேரடியாகப் பேச முடியாததை வேறொரு கிரகத்தில் வைத்துப் பேசலாம் என்ற எண்ணம் அவருக்கு உறுதிப்பட்டது. 1964 மார்ச்சில் 16 பக்கத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். அன்று மக்கள் விரும்பிப் பார்த்த 'வேகன் ட்ரெயின்' என்ற கௌபாய் தொடரின் பயண அமைப்பை விண்வெளிக்கு மாற்றினால் எப்படியிருக்கும் என்பதே அவர் தொலைக்காட்சி நிறுவனங்களிடம் சொன்ன விளக்கம். நடிகை லூசில் பால் நடத்திவந்த டெசிலு ஸ்டுடியோ அதை ஏற்றது.

முதல் பைலட் எபிசோடை என்.பி.சி. நிராகரித்தது, ஆனாலும் வழக்கத்துக்கு மாறாக இரண்டாவது பைலட்டுக்குப் பணம் கொடுத்தது. அந்த இரண்டாவதை எழுதியவர் சாமுவேல் பீப்பிள்ஸ். தொடரைத் திட்டமிட்ட காலத்தில் தன்னிடமிருந்த அறிவியல் புனைவு இதழ்களின் சேகரிப்பை ரோடன்பெரிக்குத் திறந்துவிட்டவரும் அவரே. 1966 செப்டம்பர் 8 அன்று தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது.

ரோடன்பெரி தந்த கொடை ஓர் அறநிலை. 23ஆம் நூற்றாண்டில் மனித குலம் பசியையும் இனப்பகையையும் கடந்திருக்கும். விண்கலத்தின் கட்டுப்பாட்டு மேடையில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்ணும் ஆசிய வம்சாவளி ஆணும் அதிகாரிகளாக அமர்ந்திருப்பார்கள். அதைக் கதை ஒரு செய்தியாகக்கூட எடுத்துச் சொல்லாது. மற்ற பலவற்றைத் தயாரிப்பின் நெருக்கடிகளே தீர்மானித்தன. மாபெரும் கலம் ஒன்று வாரா வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமாக்கப் பணமில்லை. அதனால் ஆட்களை ஒளித்துகள்களாக்கி இறக்கும் கருவி பிறந்தது. இன்று உலகமே அறிந்த அந்தக் கற்பனை, செலவுக் கணக்கின் பிள்ளை.

கூனும் ஃபோன்டானாவும்

முதல் சீசன் 29 எபிசோடுகள். ஒன்றைப் படமாக்க ஒதுக்கப்பட்டது ஆறே நாள். சில மாதங்களிலேயே ரோடன்பெரி களைத்துப்போனார். 1966 ஆகஸ்டில் அவருக்குத் துணையாக வந்து அன்றாடத் தயாரிப்பை ஏற்றவர் ஜீன் எல். கூன். நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர், மரைன் படையில் இருந்தவர், மின்னல் வேகத்தில் தட்டச்சுச் செய்பவர் என்று பெயரெடுத்தவர்.

1967 ஜனவரி 19 முதல் மார்ச் 23 வரையிலான ஒன்பது வாரங்களில் கூனின் பெயரோடு ஒளிபரப்பானவற்றைப் பார்த்தால் அவர் பங்களிப்பின் அளவு விளங்கும். 'அரீனா'வில் கிர்க், தன்னைக் கொல்லவந்த பல்லி உருவ எதிரியைக் கொல்லாமல் விடுகிறார். கேரி வில்பரோடு இணைந்து எழுதிய 'ஸ்பேஸ் சீட்' கான் என்ற வில்லனை அறிமுகம் செய்தது. ராபர்ட் ஹாம்னரோடு எழுதிய 'எ டேஸ்ட் ஆஃப் ஆர்மகெடான்' கணிப்பொறிகள் வழியாகப் போரிட்டு, சாவை மட்டும் உண்மையாக்கிக்கொண்ட இரு கிரகங்களைக் காட்டியது. 'தி டெவில் இன் தி டார்க்'கில் சுரங்கத் தொழிலாளர்களைக் கொல்லும் கொடிய உயிரினம், தன் முட்டைகளைக் காக்கும் தாய் என்று தெரியவருகிறது. 'எராண்ட் ஆஃப் மெர்சி' கிளிங்கான் இனத்தைக் கொண்டுவந்தது. அமைதியின் தூதரென்று தன்னை நம்பிய கிர்க், போரிடும் உரிமைக்காகக் கொதிப்பதைத் தானே உணர்ந்து வெட்கும்படி செய்தது. வியட்நாம் போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை.

ஒரு நாகரிகத்தின் இயல்பான வளர்ச்சியில் வெளியார் தலையிடக் கூடாது என்னும் தலையாய விதியை உருவாக்கியவராகவும் பொதுவாகக் கூனையே குறிப்பிடுகிறார்கள். எதிரியிடம் நியாயம் இருக்கக்கூடும், நம்மிடம் ஆணவம் இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தை ஸ்டார் ட்ரெக்குக்குள் கொண்டுவந்தவர் அவர். ரோடன்பெரியின் எதிர்காலம் மனிதன் திருந்திவிட்டான் என்றது. கூனின் கதைகள் அந்தத் திருத்தத்தை ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்த்தன. நம்பிக்கைக்கு நாடகத்தன்மை வந்தது இப்படித்தான்.

வேகத்துக்கு ஒரு விலையும் இருந்தது. 'அரீனா' எழுதி முடித்த பிறகு, அது ஃபிரெட்ரிக் பிரவுன் 1944இல் வெளியிட்ட சிறுகதையை ஒத்திருப்பதைக் கதைகளைச் சரிபார்க்கும் ஆய்வுப் பிரிவு கண்டுபிடித்தது. அக்கதையின் உரிமையை முறைப்படி வாங்கி பிரவுனின் பெயரையும் திரையில் போட்டார்கள். கூன் 1973இல், 49 வயதில் இறந்துபோனார். ஸ்டார் ட்ரெக் உலகப் புகழ் பெற்று, படைப்பாளிகள் மாநாட்டு மேடைகளில் கொண்டாடப்பட்ட காலத்தை அவர் காணவில்லை. தன் பங்கைப் பற்றிப் பேச அவர் இல்லாத இடத்தில் ரோடன்பெரியின் பெயர் மட்டுமே பெரிதாக வளர்ந்தது.

டோரதி ஃபோன்டானாவின் பாதை வேறு. செயலாளர் வேலையிலிருந்து எழுத்துக்கு வந்தவர். சாமுவேல் பீப்பிள்ஸிடமும் பிறகு 'தி லெஃப்டினன்ட்' அலுவலகத்திலும் பணியாற்றி, ரோடன்பெரியின் செயலாளராக ஸ்டார் ட்ரெக்குக்குள் நுழைந்தார். பெண்பெயரைப் பார்த்ததுமே அதிரடிக் கதைகளை ஒதுக்கும் வழக்கத்தைக் கடக்க, டி.சி. ஃபோன்டானா என்று முதலெழுத்துகளில் எழுதினார். ஜெர்ரி சோல் எழுதிக் கொடுத்த ஒரு திரைக்கதை சரியாக அமையாமல் தவித்தபோது ரோடன்பெரி அதை ஃபோன்டானாவிடம் கொடுத்தார். அதில் வரும் காதல் சூலூ என்ற துணைப் பாத்திரத்துக்கு உரியதாக இருந்தது. ஃபோன்டானா அதை ஸ்பாக்குக்கு மாற்றினார். உணர்ச்சியை அடக்கப் பழகிய வல்கன் இனத்தவன் ஒருவன் முதல் முறையாக மகிழ்ச்சியை அறிந்து, அதை இழப்பதாக அந்த 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' மாறியது. இந்தத் திருத்தத்துக்குப் பிறகு 27 வயதில் அவர் தொடரின் கதைத் தொகுப்பாளரானார்.

ஸ்பாக்கின் பெற்றோர், தந்தையோடு அவனுக்கு இருந்த நெடுநாள் மனத்தாங்கல், இரு உலகங்களுக்கு இடையே அகப்பட்ட பிள்ளையின் தனிமை ஆகியவை 'ஜர்னி டு பேபல்' வழியாக ஃபோன்டானா தந்தவை. தியடோர் ஸ்டர்ஜன் 'அமாக் டைம்' எழுதி வல்கன் கிரகத்தின் சடங்குகளைக் கட்டினார். அவற்றுக்குக் குடும்பமும் வீடும் கொடுத்தவர் ஃபோன்டானா. விண்வெளிக் கதை என்று ஒதுக்கிவிடக்கூடிய ஒன்றில் பெண் வாசகர்களும் பார்வையாளர்களும் தங்களைக் கண்டுகொள்ள வழிசெய்தது இந்த எழுத்து. அந்த ரசிகைகளில் பலர் சொந்தமாகக் கதைகள் எழுதி, கையச்சு இதழ்களில் பகிர்ந்து ஸ்டார் ட்ரெக்கை அதன் இருண்ட ஆண்டுகளில் உயிரோடு வைத்திருந்தார்கள்.

இதே காலத்தில்தான் டேவிட் ஜெரால்டு என்ற இளைஞர் வெளியிலிருந்து கதைச் சுருக்கங்களை அனுப்பிவைத்தார். கூன் அவற்றைப் படித்து, அவற்றில் ஒன்றை வளர்த்தெடுக்கச் சொன்னார். 1967 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான 'தி ட்ரபிள் வித் ட்ரிபிள்ஸ்' தொடரின் மிக விரும்பப்படும் எபிசோடுகளில் ஒன்றானது. அதை எழுதியபோது ஜெரால்டுக்கு 23 வயது. அறிமுகமற்றவரின் தாளைப் பிரித்துப் படிக்கும் பழக்கம் இப்படி ஆரம்பத்திலேயே தொடங்கியிருந்தது.

பெயரும் பணமும் பங்கிடப்பட்ட விதத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடக்க இசையை அமைத்தவர் அலெக்சாண்டர் கரேஜ். அந்த இசைக்கு ரோடன்பெரி வரிகள் எழுதினார். தொடரில் அவை ஒருமுறைகூடப் பாடப்படவில்லை. ஆனால் பாடலாசிரியர் என்ற முறையில் உரிமைத்தொகையில் பாதி அவருக்குப் போனது. சட்டப்படி சரிதான். ஆனாலும் ஒரு கூட்டு உழைப்பின் பயன் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அது முன்கூட்டியே கிடைத்த சான்று.

கனவை மீட்ட வெளியார்

இரண்டாம் சீசனில் கூன் விலகினார். அதன் முடிவில் ஃபோன்டானா தொகுப்பாளர் பொறுப்பை விட்டார். பீஜோ, ஜான் டிரிம்பிள் தம்பதி முன்னின்று நடத்திய கடித இயக்கத்தால் மூன்றாம் சீசன் கிடைத்தது. ஆனால் என்.பி.சி. அதை வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தள்ளியது, பட்ஜெட் குறைந்தது, ரோடன்பெரி அன்றாடப் பணியிலிருந்து ஒதுங்கினார். ஃபிரெட் ஃபிரைபெர்கர் தயாரிப்பை ஏற்று, இருந்ததைக் கொண்டு ஒப்பேற்றினார். 79 எபிசோடுகளோடு 1969 ஜூனில் தொடர் நின்றது. மறுஒளிபரப்புகளில்தான் அது வளர்ந்தது. 1973இல் ஃபோன்டானாவின் மேற்பார்வையில் வந்த அனிமேஷன் தொடர் எம்மி விருது பெற்றது.

1979இல் வெளியான முதல் திரைப்படத்துக்கு நான்கு கோடி டாலருக்கு மேல் செலவானது. படம் வசூலித்தது, ஆனாலும் பாராமவுண்ட் நிறுவனம் அடுத்த படத்தை ரோடன்பெரியிடம் ஒப்படைக்கவில்லை. தொலைக்காட்சியில் தேர்ந்த ஹார்வ் பென்னட்டை அழைத்தது. அவர் பழைய 79 எபிசோடுகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து, கூனும் வில்பரும் எழுதிய கானைத் தேர்ந்தெடுத்தார். இயக்குநர் நிக்கலஸ் மேயர், அதுவரை எழுதப்பட்டுத் தோற்ற பல திரைக்கதை வரைவுகளிலிருந்து நல்லவற்றை மட்டும் பட்டியலிட்டு, பன்னிரண்டு நாளில் புதிதாக எழுதினார். அவர் பெயர் திரைக்கதைக்கு வரவில்லை. முந்தைய படத்தின் செலவில் சிறு பங்கில் எடுக்கப்பட்டு 1982இல் வெளிவந்த 'தி ராத் ஆஃப் கான்' இன்றுவரை இத்தொடர்க் குடும்பத்தின் சிறந்த படமாகப் பலராலும் கருதப்படுகிறது. படைப்பாளியின் மறுப்பையும் மீறி வெளியார் இருவர் அதை மீட்டார்கள். மீட்கும் பொருளை அவர்கள் கண்டெடுத்தது பழைய எழுத்தாளர்களின் வேலையில்தான்.

1987: குழப்பத்தின் ஆண்டுகள்

'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 1987 செப்டம்பர் 28 அன்று தொடங்கியது. ரோடன்பெரி மீண்டும் தலைமைக்கு வந்தார். ஜெரால்டும் ஃபோன்டானாவும் தொடக்கக் குழுவில் இருந்தார்கள்; முதல் எபிசோடில் ரோடன்பெரியோடு ஃபோன்டானாவின் பெயரும் உண்டு. ஆனால் முதல் ஆண்டு முடிவதற்குள் இருவரும் வெளியேறினார்கள். செய்த வேலைக்கான அங்கீகாரம் குறித்து எழுத்தாளர் சங்கத்தில் முறையிட்டு, பின்னர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். எய்ட்ஸ் நோயின் உருவகமாக ஜெரால்டு எழுதிய 'பிளட் அண்ட் ஃபயர்' அத்தொடரில் படமாக்கப்படவே இல்லை. எழுத்தாளர்கள் வந்த வேகத்தில் போனார்கள். 1988இல் எழுத்தாளர் வேலைநிறுத்தம் வேறு வந்து சேர, 1970களில் கைவிடப்பட்ட ஒரு திட்டத்தின் திரைக்கதையைத் தூசி தட்டி எடுத்து இரண்டாம் சீசனைத் தொடங்கினார்கள்.

எழுத்தாளர்களை வாட்டிய பெரிய சிக்கல் ரோடன்பெரியின் ஒரு விதி. 24ஆம் நூற்றாண்டின் மனிதர்கள் முதிர்ந்தவர்கள். விண்கலத்தின் குழுவினருக்குள் பொறாமை, பகை, சிறுமை எதுவும் இருக்கக் கூடாது. நாடகம் மோதலில்தான் பிறக்கிறது என்று பயின்றவர்களுக்குக் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. ஆயினும் இந்த ஆண்டுகளிலும் நல்லவை வந்தன. வழக்கறிஞராக இருந்து எழுத வந்த மெலிண்டா ஸ்னாட்கிராஸ், யாரும் கேட்காமல் தானே எழுதி அளித்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' 1989 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. எந்திர மனிதனான டேட்டா ஓர் உயிரா, உடைமையா என்று ஒரு விசாரணை மன்றம் தீர்ப்பளிக்க வேண்டிய கதை. மோரிஸ் ஹர்லி எழுதிய 'க்யூ ஹூ' போர்க் என்னும் கூட்டு மனத்தைக் கொண்டுவந்தது. தொடருக்குள் திறமை இருந்தது. அதைச் சேர்த்துப் பிடிக்கும் முறை இல்லை.

பில்லர் திறந்த கதவு

அந்த முறையைக் கொண்டுவந்தவர் மைக்கேல் பில்லர். தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் பணியாற்றியவர். 1989இல் மூன்றாம் சீசனின் எழுத்துக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். பாராமவுண்டின் நிர்வாகியாக இருந்து தயாரிப்புக்கு வந்த ரிக் பெர்மன் படப்பிடிப்பு, இசை, செலவு என்று மற்றவற்றைக் கவனித்தார்.

பில்லர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒவ்வொரு எபிசோடும் குழுவில் உள்ள ஒருவரின் அகத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்றார். வெளியே நடக்கும் ஆபத்து எதுவானாலும், அது உள்ளே யாரை என்ன செய்கிறது என்பதே கேள்வி. எழுத்தாளர்கள் அனைவரும் ஓர் அறையில் அமர்ந்து, வெள்ளைப் பலகையில் காட்சி காட்சியாகக் கதையைப் பிரித்து எழுதிவிட்டுத்தான் ஒருவர் திரைக்கதை எழுதப் போவார். அறிவியல் சொற்கள் வேண்டிய இடத்தில் 'டெக்' என்று மட்டும் குறித்துவிட்டு நகர்வார்கள். தொழில்நுட்ப ஆலோசகர்கள் அதைப் பிறகு நிரப்புவார்கள். மனிதர்களைச் சரியாக எழுதுவதே எழுத்தாளரின் வேலை என்ற தெளிவு அதில் இருந்தது.

இரண்டாவது காரியம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அரிதானது. முகவர் இல்லாதவர்களும் திரைக்கதை அனுப்பலாம் என்று அறிவித்தார். சட்டப் பாதுகாப்புக்காக ஓர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டால் போதும். ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் தாள்கள் குவிந்தன. அவற்றைப் படிக்க ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். ஹாலிவுட்டின் மற்ற ஸ்டுடியோக்கள் வழக்குக்குப் பயந்து பிரிக்காமலே திருப்பி அனுப்பிய உறைகள் இங்கே பிரிக்கப்பட்டன.

ரொனால்ட் டி. மூர் அப்படி வந்தவர். படப்பிடிப்புத் தளத்தைச் சுற்றிப் பார்க்கக் கிடைத்த வாய்ப்பில் தன் திரைக்கதையைக் கையோடு எடுத்துப் போய்க் கொடுத்தார். அது மாதக்கணக்கில் கிடந்து, பில்லரின் கைக்குப் போய், 1989 அக்டோபரில் 'தி பாண்டிங்' என்று ஒளிபரப்பானது. பணியில் தாயை இழந்த சிறுவன் ஒருவனின் கதை அது. அந்தக் கதைக்கு நேர்ந்ததை இந்த வரலாற்றின் மையமாகவே நான் பார்க்கிறேன். ரோடன்பெரி அதை மறுத்தார்: 24ஆம் நூற்றாண்டின் குழந்தைகள் மரணத்தை ஏற்கப் பழகியவர்கள், அழ மாட்டார்கள் என்றார். வேறொருவராக இருந்தால் கதையைக் கைவிட்டிருப்பார், இல்லையேல் சண்டையிட்டிருப்பார். பில்லர் அந்த மறுப்பையே கதைக்குள் கொண்டுபோனார். சிறுவன் அழவில்லை, எல்லோரும் எதிர்பார்க்கும் முதிர்ச்சியோடு நிற்கிறான். வேற்றுலகச் சக்தி ஒன்று அவன் தாயின் உருவில் வந்து அவனை ஆற்ற முயல்கிறது. அடக்கிய துயரத்தைத் திறந்துவிடாமல் யாராலும் அவனை மீட்க முடியாது என்பதே முடிவானது. மூலத்தைவிட வலுவான கதை. ஸ்தாபகரின் விதி, புதியவரின் கதை, தொகுப்பாளரின் திறமை மூன்றும் ஒன்றையொன்று உரசியபோது கிடைத்த நெருப்பு அது. ரோடன்பெரியின் விதியை எழுத்தாளர்கள் சிறைப்பெட்டி என்று குறை சொன்னபோது, தான் அந்தப் பெட்டியை விரும்பியதாகப் பில்லர் பின்னாளில் எழுதினார். எளிதான மோதலை அது தடுத்ததால், கடினமானதைத் தேட வேண்டியிருந்தது.

கதவு வழியே வந்தவர்களின் வரிசை நீளமானது. 'தி ஆஃப்ஸ்பிரிங்' எழுதிய ரெனே எச்செவாரியா, 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டேட்டாஸ்' கதையை விற்ற ராபர்ட் ஹெவிட் வுல்ஃப், பின்னர் ஜேன் எஸ்பன்சன், பிரையன் ஃபுல்லர். பிரானன் பிராகா பயிற்சி மாணவராக வந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற இந்திய வம்சாவளியினரான நரேன் சங்கரும் பயிற்சி மாணவராக வந்தவரே; அறிவியல் ஆலோசகராகவும் எழுத்தாளராகவும் வளர்ந்து, பின்னாளில் 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை நடத்தினார். மூரும் சங்கரும் எழுதிய 'தி ஃபர்ஸ்ட் டியூட்டி'யில், விபத்தை மறைக்கும் நண்பர்களைக் காட்டிக்கொடுப்பதா, கூடாதா என்ற கேள்வி குறித்து எழுத்தறையிலேயே விவாதம் நடந்தது. நண்பர்களைக் காக்க வேண்டும் என்றார் மூர். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றார் பில்லர். பில்லரின் முடிவே நின்றது. அந்த விவாதத்தின் சூடு எபிசோடில் தெரியும்.

1990 ஜூனில் பில்லர் எழுதிய 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' கேப்டன் பிக்கார்ட் எதிரியின் கையில் சிக்கிய நிலையில் சீசனை முடித்தது. அடுத்த பகுதியை எப்படி முடிப்பது என்று அப்போது பில்லருக்கே தெரியாது. தொடரில் நீடிப்பதா, விலகுவதா என்ற அவருடைய சொந்தத் தடுமாற்றம், பதவி உயர்வை ஏற்கத் தயங்கும் அதிகாரி ரைக்கரின் தடுமாற்றமாக அதில் பதிந்திருக்கிறது. ரோடன்பெரி 1991 அக்டோபர் 24 அன்று காலமானார். 'தி இன்னர் லைட்' 1993இலும், மூரும் பிராகாவும் எழுதிய இறுதி எபிசோடு 1995இலும் ஹ்யூகோ விருது பெற்றன. 178 எபிசோடுகளில் பார்க்கத்தக்கவை எப்போது தொடங்குகின்றன என்று ரசிகர்களைக் கேட்டால், மூன்றாம் சீசனையே பெரும்பாலும் சொல்வார்கள்.

விதியை விசாரித்தவர்கள்

1993 ஜனவரியில் பெர்மனும் பில்லரும் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' நகரும் கலத்தை விட்டு, ஓரிடத்தில் நிற்கும் விண்வெளி நிலையத்தில் கதையை அமைத்தது. அடுத்த வாரம் வேறு கிரகத்துக்குப் போய்விட முடியாது. செய்ததன் விளைவுகளோடு அங்கேயே வாழ வேண்டும். பில்லர் விலகியபின் தலைமை ஏற்ற ஐரா ஸ்டீவன் பேரின் குழு அதைத் தொடர்கதையாக வளர்த்து, பல சீசன்கள் நீளும் ஒரு போரை எழுதியது. ஸ்டுடியோவின் கவனம் 1995இல் தொடங்கிய 'வாயேஜர்' மீது இருந்ததால் இந்தக் குழுவுக்குச் சுதந்திரம் கிடைத்தது.

1998இல் இரண்டு மாத இடைவெளியில் வந்த இரு எபிசோடுகளைச் சொன்னால் போதும். 'இன் தி பேல் மூன்லைட்' எபிசோடில் கேப்டன் சிஸ்கோ ரோமுலான் என்ற இனத்தவரைப் போருக்குள் இழுக்கப் பொய்ச் சான்று தயாரிக்கிறார். அது கொலையில் முடிகிறது. அவர் அதோடு வாழ முடிவெடுக்கிறார். மைக்கேல் டெய்லரின் பெயரில் வந்த அந்தத் திரைக்கதையைப் பெருமளவு திருத்தி எழுதியவர் பெயர் போடாத மூர். 'ஃபார் பியாண்ட் தி ஸ்டார்ஸ்' சிஸ்கோவை 1953ஆம் ஆண்டு நியூயார்க்கின் ஓர் அறிவியல் புனைவு இதழில் எழுதும் பென்னி ரஸல் என்ற கறுப்பின எழுத்தாளராகக் காட்டுகிறது. எழுத்தாளர்களின் புகைப்படம் எடுக்கும் நாளில் அவரையும், முதலெழுத்துகளின் பின்னால் பெண் என்பதை மறைத்து எழுதும் சக எழுத்தாளரையும் வர வேண்டாம் என்கிறார் ஆசிரியர். டி.சி. ஃபோன்டானாவின் பெயரை அறிந்தவர்களுக்கு அந்தக் காட்சி வெறும் கற்பனையாகத் தோன்றாது. எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் உரிமை யாருக்குத் தரப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஸ்டார் ட்ரெக் தன் சொந்தத் துறையையே விசாரித்த எபிசோடு அது. ரோடன்பெரியின் கனவை அவருடைய வாரிசுகள் இதைவிட மதித்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அந்தக் கனவு எழுதப்பட்ட அறையையே அவர்கள் கேள்விக்குள் நிறுத்தினார்கள்.

சோர்வும் மாறிய தொழிலும்

1987 முதல் 2005 வரை நான்கு தொடர்களில் 620க்கும் மேற்பட்ட எபிசோடுகள் வெளிவந்தன. பெர்மன், பில்லரோடு சேர்ந்து வாயேஜரை உருவாக்கிய ஜெரி டெய்லர், ஸ்டார் ட்ரெக் தொடர் ஒன்றை உருவாக்கியவர்களில் இடம்பெற்ற முதல் பெண். ஆனால் அதே கைகள், அதே இலக்கணம், ஆண்டுக்கு இருபத்தைந்துக்கும் மேல் என்ற ஓயாத தேவை ஆகியவை சேர்ந்து களைப்பைக் கொண்டுவந்தன. 1999இல் வாயேஜருக்கு மாறிய மூர் சில வாரங்களிலேயே வெளியேறினார். விளைவுகள் நீடிக்கும் கதைகளை அங்கே எழுத முடியாது என்பது அவர் மனக்குறை. அவர் வெளியே போய் மறுஉருவாக்கம் செய்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' அந்தப் பத்தாண்டின் மதிப்புமிக்க தொடர்களில் ஒன்றானது. 'எண்டர்பிரைஸ்' தொடர் நான்காம் சீசனில் மேனி கோட்டோவின் தலைமையில் உயிர்பெறத் தொடங்கியபோது, 2005 மே மாதம் நிறுத்தப்பட்டது. வளர்த்த பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்திருக்க முடியாத காலத்தில் தொடர்க் குடும்பம் தளர்ந்தது.

2017இல் 'டிஸ்கவரி' வந்தபோது அதை அலெக்ஸ் கர்ட்ஸ்மனோடு உருவாக்கியவர், ஒரு காலத்தில் வெளியிலிருந்து கதை விற்க வந்த பிரையன் ஃபுல்லர். ஒளிபரப்புக்கு முன்பே அவர் விலகினார். தொலைக்காட்சியின் இயல்பு அதற்குள் மாறிவிட்டது. ஸ்ட்ரீமிங் காலத்தில் சீசன் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து எபிசோடுகள்தான். காட்சியமைப்பும் நடிப்பும் செறிந்திருக்கின்றன. 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' பழைய தனிக்கதை வடிவத்தின் மகிழ்ச்சியை மீட்டிருக்கிறது. இழப்பும் இருக்கிறது. 26 எபிசோடு எழுத வேண்டிய குழுவில் ஒன்று சுமாராகப் போனால் புதியவர் கற்றுக்கொள்வார். பத்தில் ஒன்றை யாரும் புதியவரிடம் ஒப்படைக்கத் துணிவதில்லை. முன்பு எழுத்தாளர் படப்பிடிப்புத் தளத்துக்கும் தொகுப்பறைக்கும் போய்த் தயாரிப்பைக் கற்றார். சிறு குழு சில வாரங்கள் எழுதிக் கொடுத்துவிட்டுக் கலைந்துபோகும் முறை அந்தப் பயிற்சியைத் துண்டித்தது. 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. தொடர்களில் குறைந்தபட்ச எழுத்தாளர் எண்ணிக்கைக்கும், படப்பிடிப்புக் காலத்தில் எழுத்தாளர்களை வைத்திருப்பதற்கும் அந்தப் போராட்டம் விதிகளைப் பெற்றுத்தந்தது.

ஸ்டார் ட்ரெக்கின் வரலாற்றைப் படைப்பாளி ஒருவரின் மேதைமையாகச் சொல்லும் வழக்கம், எதிர்காலத்துக்கும் தவறான பாடத்தைத் தருகிறது. அடுத்த ரோடன்பெரியைத் தேடிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோ, தன் வாசலில் நிற்கும் அடுத்த ஃபோன்டானாவையும் மூரையும் காணாது. கனவு காண்பவர் ஒருவர் வேண்டும். அதை மறுக்காமல் நம்பவும், நம்பியபடியே திருத்தவும் தெரிந்த தொகுப்பாளர்கள் அவரைவிட அதிகம் பேர் வேண்டும். அவர்கள் உழைப்புக்குரிய பெயரும் பங்கும் திரையில் வர வேண்டும். இந்தத் தொடர்க் குடும்பம் அறுபது ஆண்டுகளில் செய்த செலவுகளில் மிகக் குறைந்ததும், பன்மடங்கு திருப்பிக் கொடுத்ததும் ஒன்றுதான்: முகம் தெரியாத ஒருவர் அனுப்பிய தாள்களை அமர்ந்து படிக்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தது. அந்தச் செலவை மீண்டும் செய்ய எந்தப் பெரிய முதலீடும் வேண்டாம். செய்ய வேண்டும் என்ற முடிவு மட்டும் வேண்டும்.